வீட்டு விற்பனைக்கு ஆளுக்கொரு அழைப்பிதழ்: வேர்டில் மெயில் மெர்ஜ்

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிய வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் என்ன? குழந்தைகள் படம் வரைவார்கள். நாம் நம் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து அச்செடுத்துப் பார்ப்போம். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் பிரிண்டர் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தப் பிரிண்டருக்கு உருப்படியான வேலை ஒன்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். வீட்டிலேயே சேலை, நைட்டி, ஊறுகாய், கவரிங் நகை என்று விற்பனை நடத்துபவர்கள், தெரிந்தவர்களை அழைக்க அழகான அழைப்பிதழை, அதுவும் ஒவ்வொருவர் பெயரும் அவருக்கான ஒரு வரியும் சேர்த்து, தாங்களே தயாரித்துக்கொள்ளலாம். இதற்கு வேர்ட் தொகுப்பில் உள்ள மெயில் மெர்ஜ் என்ற வசதி போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்து. அந்தத் தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன்.

அழைப்புதான் கடை

வீட்டில் ஆட்களைக் கூட்டி விற்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அமெரிக்காவில் டப்பர்வேர் நிறுவனம் 1951-ல் தன் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டு விருந்துகள் வழியாக மட்டுமே விற்பது என்று முடிவு செய்தது. அந்த விற்பனை முறையை வளர்த்த பிரவுனி வைஸ் என்ற பெண்மணி, 1954-ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்றார். அந்த அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். இந்தியாவுக்கும் 1996-ல் அந்த முறையோடுதான் டப்பர்வேர் வந்தது.

நம் ஊரில் அதற்கு முன்பே சேலை மூட்டையை வீட்டுக்குள் பிரித்து விற்கும் வழக்கம் உண்டு. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். கடை என்றால் தெருவில் போகிறவர் போர்டைப் பார்த்து உள்ளே வருவார். வீட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அழைத்தால்தான் வருவார்கள். ஆகவே அழைப்பிதழ்தான் நமக்குப் போர்டு, விளம்பரம், வாசல் எல்லாம்.

என் அக்கா ஈரோட்டில் வீட்டிலேயே சேலை விற்கிறார். 2025 தீபாவளிக்காக மகளிர் சுயஉதவிக் குழுவில் அறுபதாயிரம் ரூபாய் கடன் எடுத்து, இளம்பிள்ளையிலும் சின்னாளப்பட்டியிலும் சரக்கு வாங்கி வைத்திருந்தார். ரொக்கத்துக்கு வாங்கிய சரக்கு. திருப்பித் தர முடியாது. "நீதான் கம்ப்யூட்டர் வெச்சிருக்கியே, நாற்பது பேருக்குப் பத்திரிகை மாதிரி அடிச்சுக் குடு" என்றார். அவர் கையில் ஒரு பழைய நோட்டு இருந்தது. யார், எப்போது, என்ன நிறம் வாங்கினார்கள், எதைக் கேட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்று பல வருடக் கணக்கு அதில். கம்ப்யூட்டர்காரர்கள் இதைத்தான் டேட்டா பேஸ் என்கிறார்கள்.

முதல் படி: பட்டியல்

அழைப்பிதழை வடிவமைக்கும் முன் பட்டியலைத் தயார் செய்திட வேண்டும். எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, முதல் வரிசையில் தலைப்புகளை அமைத்திடுங்கள். தலைப்புகளை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்லாக வையுங்கள். நான் வைத்தவை நான்கு: நேம், லைன், டே, டைம். அதற்குக் கீழே ஒவ்வொரு வரிசையிலும் ஒருவருக்குரிய விவரங்கள். தலைப்பு வரிசைக்கு மேலே "அழைப்போர் பட்டியல்" என்று அலங்காரமாக எதையும் எழுதக்கூடாது. இடையில் காலி வரிசையும் விடக்கூடாது.

நேம்: இங்கே தமிழுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் யார் பெயரை வைத்தாலும் பெயர் மாறாது. தமிழில் அழைப்பிதழில் பெயரை அடுத்துக் "க்கு" என்று அடித்து வைத்தால், கமலாக்கு, தனம்க்கு என்று வந்து நிற்கும். கமலாவுக்கு, தனத்துக்கு, ஈஸ்வரிக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக மாறுவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவே உருபையும் உறவையும் பட்டியலிலேயே சேர்த்து அடித்துவிடுங்கள்: "கமலா அக்காவுக்கு", "தனம் சித்திக்கு", "டீச்சர் அம்மாவுக்கு". முறை சொல்லி அழைப்பதால் நெருக்கமும் கூடும்.

லைன்: இதுதான் இந்த வேலையின் உயிர். அக்காவின் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினோம். "போன தீபாவளிக்கு நீங்கள் கேட்ட பாட்டில் பச்சை இந்த முறை வந்திருக்கிறது." "பாட்டிக்கு ஒன்பது கஜம் சுங்குடி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்." தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, "சும்மா பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம், வாருங்கள்." பூ பார்டர், மின்னும் எழுத்து, குத்துவிளக்குப் படம் இவற்றை யாரும் வீட்டுக்குப் போய் நினைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். இந்த ஒரு வரியை நினைப்பார்கள். ஆனால் இதில் உண்மை மட்டுமே இருக்க வேண்டும். பாட்டில் பச்சை வந்திருக்கிறது என்று எழுதினால் அது மூட்டையில் இருந்தாக வேண்டும்.

டே, டைம்: அக்கா வீட்டு முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்தால் சேலையை விரிக்கக்கூட இடம் இருக்காது. ஆகவே பழைய வாடிக்கையாளர்களுக்கு அக்டோபர் 11 சனிக்கிழமை மாலை, தெருக்காரர்களுக்கு 12 ஞாயிறு காலை என்று பிரித்தோம். நான் தவறு செய்தது இந்த இடத்தில்தான். கதையைக் கீழே சொல்கிறேன். இப்போதைக்கு, தேதியை எண்ணாக அடிக்காமல் "அக்டோபர் 11, சனிக்கிழமை" என்று எழுத்தால் அடித்திடுங்கள். நேரத்தையும் "மாலை 3 மணிக்கு" என்றே அடித்திடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் சேவ் செய்து எக்ஸெலை மூடிவிடுங்கள்.

இரண்டாம் படி: தாளை நான்காகப் பிரித்தல்

ஏ4 தாளின் அளவு 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கையடக்கமான அழைப்பிதழ் அளவில் வரும். நாற்பது அழைப்பிதழுக்குப் பத்துத் தாள்களே போதும்.

1. வேர்டில் புதிய பைல் ஒன்றைத் திறந்து மெயிலிங்ஸ் டேபில் கிளிக் செய்திடுங்கள். அதில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், பின்னர் லேபிள்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் நியூ லேபிள் என்ற பட்டனை அழுத்துங்கள். முதலில் பேஜ் சைஸ் ஏ4 என்று மாற்றுங்கள். டாப் மார்ஜின், சைடு மார்ஜின் இரண்டும் பூஜ்யம். லேபிள் ஹைட், வெர்டிகல் பிட்ச் இரண்டிலும் 14.8 செ.மீ. லேபிள் விட்த், ஹாரிசான்டல் பிட்ச் இரண்டிலும் 10.5 செ.மீ. நம்பர் அக்ராஸ் 2, நம்பர் டவுன் 2. ஒரு பெயர் கொடுத்து ஓகே கிளிக் செய்திடுங்கள். மார்ஜின் அச்சிடும் எல்லைக்கு வெளியே இருப்பதாக எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். நாம் எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளித்தான் வைக்கப் போகிறோம்.

3. தாள் நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கோடுகள் தெரியாவிட்டால், உள்ளே கிளிக் செய்து, லே-அவுட் டேபில் வியூ கிரிட்லைன்ஸ் என்பதை அழுத்துங்கள்.

4. மெயிலிங்ஸ் டேபிற்குத் திரும்பி, செலக்ட் ரெசிபியன்ட்ஸ், யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட் என்று சென்று, எக்ஸெல் பைலைக் காட்டுங்கள். எந்த ஷீட் என்று கேட்கும். தேர்ந்தெடுக்கும்போது, முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளன என்பதற்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைப்பு வரிசையே உங்கள் முதல் விருந்தாளியாகிவிடும்.

மூன்றாம் படி: வாசகம்

இடப்பக்க மேல் கட்டத்தில் மட்டும் அழைப்பை அடித்திடுங்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, இன்சர்ட் மெர்ஜ் பீல்டு என்பதில் கிளிக் செய்து, நேம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றையும் இப்படியே அமைத்திடுங்கள். எங்கள் அழைப்பிதழ் இப்படி இருந்தது:

அன்புள்ள «நேம்»,
தீபாவளிக்குப் புதுச் சேலைகள் வந்திருக்கின்றன. «லைன்»
«டே», «டைம்» நம் வீட்டுக்கு வாருங்கள். எடுத்தாலும் சரி, பார்த்துவிட்டுப் போனாலும் சரி, வந்தால் மகிழ்ச்சி.

அதற்குக் கீழே அக்கா பெயர், முகவரி, வீட்டு அடையாளம், தொலைபேசி எண்.

அடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து, பேராகிராப் டயலாக் பாக்ஸில் இடமும் வலமும் ஒரு செ.மீ. இன்டென்ட் கொடுத்திடுங்கள். பின்னர் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து லே-அவுட் டேபில் அலைன் சென்டர் அழுத்தினால் வாசகம் கட்டத்தின் நடுவில் நிற்கும். படம் வைப்பதாக இருந்தால், படத்தின் லே-அவுட் ஆப்ஷனில் இன் லைன் வித் டெக்ஸ்ட் என்று இருக்கட்டும். மிதக்கும் படங்கள் அடுத்த கட்டங்களுக்கு ஒழுங்காகப் போகாது.

இப்போது மெயிலிங்ஸ் டேபில் அப்டேட் லேபிள்ஸ் என்பதை அழுத்துங்கள். மற்ற மூன்று கட்டங்களிலும் அதே வாசகம் வந்துவிடும். அவற்றின் தொடக்கத்தில் நெக்ஸ்ட் ரெக்கார்ட் என்று கூடுதலாக ஒரு குறி இருக்கும். அடுத்த பெயரை எடுக்கச் சொல்லும் கட்டளை அது. அதை அழித்துவிடாதீர்கள், அழித்தால் ஒரே பெயர் நான்கு முறை வரும். பிறகு முதல் கட்டத்தில் எதை மாற்றினாலும் மீண்டும் அப்டேட் லேபிள்ஸ் அழுத்த வேண்டும்.

பிரிவ்யூ ரிசல்ட்ஸ் அழுத்தினால் குறிகள் மறைந்து உண்மையான பெயர்கள் தெரியும். பெயர் மட்டும் வேறு எழுத்துருவிலோ அளவிலோ தெரிந்தால், அந்த நிலையிலேயே முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவையும் அளவையும் மீண்டும் கொடுங்கள். மிக நீளமான வரி யாருக்கு இருக்கிறதோ அவருடைய அழைப்பிதழைத் தேடிப் பாருங்கள். கட்டத்தின் உயரம் மாறாது என்பதால் நீளம் கூடினால் கடைசி வரி மறைந்துவிடும். மறைவது பெரும்பாலும் தொலைபேசி எண்ணாகத்தான் இருக்கும்.

நாற்பது முறை ஒரே தவறு

நான் இந்த பிரிவ்யூவைப் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் பெயர்களை மட்டும் பார்த்தேன். கமலா அக்கா சரி, தனம் சித்தி சரி, டீச்சர் அம்மா சரி என்று ஆசையாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

தேதியை எக்ஸெலில் 11-10-2025 என்று எண்ணால் அடித்திருந்தேன். எக்ஸெல் அதைச் சரியாகவே அக்டோபர் 11 என்று எடுத்துக்கொண்டது. ஆனால் மெயில் மெர்ஜில் தேதிகள் அமெரிக்க முறையில், மாதம் முதலிலும் நாள் அடுத்ததாகவும் வந்து விழும். எக்ஸெலில் நமக்கு எப்படித் தெரிந்தாலும் அங்கே அந்த அலங்காரம் போய்விடும். ஆக, அழைப்பிதழில் அச்சானது 10/11/2025. நம் வழக்கப்படி அது நவம்பர் 10. ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது 10/12/2025, அதாவது டிசம்பர் 10. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20.

நாளில் 12-க்கு மேற்பட்ட எண் இருந்திருந்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று யாராவது உடனே கேட்டிருப்பார்கள். 11-ம் 12-ம் ஆனதால் யாருக்கும் உறுத்தவில்லை. இருபத்து நான்கு அழைப்பிதழ்களை அக்கா வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிட்டார். மூன்று நாள் கழித்து டீச்சர் அம்மா போன் செய்தார். "ஏம்மா, தீபாவளிக்குச் சேலைன்னு போட்டுட்டு நவம்பர்ல கூப்பிடறியே! நான் நேத்தே டவுன்ல எடுத்துட்டேன்."

அக்கா என்னைத் திட்டவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டார். கையில் மீதமிருந்த பதினாறையும் நான் திருத்திக் கொடுத்தேன். ஆனால் டீச்சர் அம்மாவைப் போல ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். தேதி பார்த்து, அப்போது ஊரில் இருக்கமாட்டோம் என்று அழைப்பிதழை ஓரமாக வைத்துவிட்டவர்களும் இருந்தார்கள். விற்பனை நடந்தது. ஆனால் தீபாவளி முடிந்தபோது மூட்டையில் சேலை மிச்சம் இருந்தது; குழுவில் கட்ட வேண்டிய முதல் தவணையை அக்கா கைக்காசிலிருந்து கட்டினார்.

குற்றம் மென்பொருள் மீது இல்லை. படிக்காமல் அச்சிட்ட என் மீதுதான். கையால் எழுதியிருந்தால் நாற்பதில் ஒன்றிரண்டில் தவறியிருப்பேன். கம்ப்யூட்டர் ஒரு தவறை அலுக்காமல் நாற்பது முறையும் அழகாக அச்சிட்டுத் தரும். அடுத்த விற்பனைக்கு அழைப்பிதழ் செய்தபோது இரண்டு மாற்றங்கள் செய்தோம். தேதி எழுத்தால், கிழமையோடு; தேதி தவறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, அச்சிடும் முன் அக்காவை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். அடித்தவர் கண்ணுக்குத் தெரியாத பிழை அடுத்தவர் வாயில் அகப்படும்.

நான்காம் படி: அச்சிடுதல்

பினிஷ் அண்ட் மெர்ஜ் என்பதில் கிளிக் செய்து, எடிட் இன்டிவிஜுவல் டாகுமெண்ட்ஸ், ஆல், ஓகே என்று செல்லுங்கள். நாற்பது அழைப்பிதழ்களும் அடங்கிய தனி பைல் கிடைக்கும். பிரிண்ட் டாகுமெண்ட்ஸ் என்று நேராக அச்சுக்குப் போகாமல் இந்த வழியில் செல்வதால், தாளுக்குப் போகும் முன் ஒருமுறை முழுவதையும் படிக்க முடியும்.

முதல் பக்கத்தை மட்டும் சாதாரணத் தாளில் அச்சிட்டு, நான்காக வெட்டிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் கெட்டித் தாளுக்குச் செல்லலாம். சாதாரண நகல் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். இருக்கும். அழைப்பிதழுக்கு 160 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால் கையில் நிற்கும். ஆனால் உங்கள் பிரிண்டர் எவ்வளவு கனம் வரை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பார்த்த பிறகே தாள் வாங்குங்கள். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் தாளின் வகையையும் மாற்றிக் கொடுத்திட வேண்டும்.

இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பளபளப்பான அட்டையைக் கண்டு மயங்க வேண்டாம். இங்க்ஜெட்டுக்கென்று தயாரிக்கப்படாத அட்டையில் மை உலராமல் கையில் ஒட்டும். பல இங்க்ஜெட் மைகள் ஈரம் பட்டால் கரையும் என்பதால் மழை நாளில் கவரில் போட்டுக் கொடுங்கள்.

சேலையின் படம் வைக்க விரும்பினால், அச்சில் தெளிவாக இருக்க அங்குலத்துக்கு 300 பிக்ஸல் தேவை. 5 செ.மீ. அகலப் படத்துக்குச் சுமார் 590 பிக்ஸல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் தெரியும் நிறமும் மையில் வரும் நிறமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். "படத்தில் மாம்பழ மஞ்சள், கையில் எலுமிச்சை மஞ்சள்" என்ற பேச்சு வேண்டாம் என்று நாங்கள் படமே வைக்கவில்லை.

கடையில் அச்சிடுவதாக இருந்தால் பைலை அப்படியே எடுத்துச் செல்லாமல், சேவ் ஆஸ் மூலம் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். எழுத்துருவும் உள்ளேயே சென்றுவிடும். தமிழை யூனிகோடிலேயே அடித்திடுங்கள். விண்டோஸில் லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். பிடிஎஃப் பைலை அச்சிடும்போது ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிட் என்று இருந்தால் அளவு சுருங்கும்.

வேர்ட் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இதைச் செய்திடலாம். அதிலும் மெயில் மெர்ஜ் உண்டு, கட்டளைகளின் இடம்தான் மாறும். பப்ளிஷர் தொகுப்பைப் புதிதாகக் கற்க வேண்டாம். 2026 அக்டோபருடன் அதற்கான ஆதரவு முடிவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது.

அச்சிடும் முன் பார்க்க வேண்டியவை

* தேதி எழுத்தில் உள்ளதா? கிழமையோடு காலண்டரில் ஒத்துப்போகிறதா?
* தொலைபேசி எண்ணுக்கு நீங்களே ஒருமுறை போன் செய்து பார்த்தீர்களா?
* ஒவ்வொருவருக்கும் எழுதிய வரி உண்மையா? அந்தச் சேலை கைவசம் இருக்கிறதா?
* பெயரும் வரியும் மாறிப் போகாமல் அவரவருக்கு உரியது வந்திருக்கிறதா?
* இன்னொருவர் உரக்கப் படித்தாரா?

வீட்டு முகவரி உள்ள தாள் என்பதால் கண்ட இடத்தில் வைத்துவிட்டு வராமல், கையில் கொடுங்கள். எக்ஸெல் பட்டியலை அழித்துவிடாதீர்கள். யார் வந்தார்கள், எதை எடுத்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று விற்பனை முடிந்த அன்றே அதில் ஒரு காலம் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறைக்கான வரிகள் அங்கிருந்துதான் கிடைக்கும். அக்கா இப்போதும் நோட்டில்தான் எழுதுகிறார். நான் அதைப் பார்த்து எக்ஸெலில் ஏற்றுகிறேன். டீச்சர் அம்மாவின் வரிசையில் அடுத்த அழைப்புக்கு நாங்கள் எழுதிய வரி இது: "தேதியை மூன்று பேர் சரிபார்த்துவிட்டோம், டீச்சர், நம்பி வாருங்கள்." வந்தார். இரண்டு சேலை எடுத்தார்.